புஷ்கிராஃப்ட்: 'காட்டுப்புழக்கம்' பொருந்துமா?

ஐயா, வணக்கம்.

காட்டில் கிடைப்பதைக் கொண்டு தங்கும் வித்தையான புஷ்கிராஃப்டின் (bushcraft) சொற்களுக்கு நீங்கள் தொகுக்கும் தமிழ்ப் பட்டியலைப் பற்றி எழுதுகிறேன். அந்தப் பெயருக்கே நீங்கள் முன்வைத்த 'வனப் பிழைப்புத் திறன்' எனக்கு ஒட்டவில்லை. மதுரைப் பக்கம் பிழைப்பு என்றால் சம்பாத்தியம். 'பிழைப்புத் தேடித் திருப்பூர் போய்விட்டான்' என்கிறோம். உயிர் பிழைத்தல் என்று எடுத்தாலும் அது வழிதவறியவனின் அவசரம். புஷ்கிராஃப்ட், அவசரமில்லாமல் காட்டில் இருக்கத் தெரிவது.

'காட்டுப்புழக்கம்' என்று வைக்கலாம். ஆடு மேய்ப்பவர் ஒருவரை 'அவருக்கு அழகர்மலை அடிவாரம் நல்ல புழக்கம்' என்று சொன்னால், எங்கே தண்ணீர் ஊறும், எந்தக் கொடி முடிச்சுக்குத் தாங்கும், எங்கே தலைசாய்க்கக் கூடாது என்பதெல்லாம் அதில் அடங்கிவிடுகிறது.

உசிலம்பட்டி நண்பர் சொன்ன தடை நியாயமானதுதான். அங்கே காடு என்றால் புஞ்சை. 'காட்டுக்குப் போறேன்' என்பவர் களையெடுக்கப் போகிறார். ஆனால் புஞ்சையில் காவலுக்குப் பரண் கட்டுகிறவர் கையில் இருப்பதும் இதே வித்தைதானே? பொருள் கொஞ்சம் கலந்தால் கலக்கட்டும்.

அப்புறம், ஒரு பக்கம் மட்டும் கூரை சரியும் தங்கிடத்துக்கு (lean-to) உங்கள் பட்டியலில் உள்ள 'ஒருபக்கச் சரிவுத் தங்கிடம்' வேண்டவே வேண்டாம். வீட்டுச் சுவரை ஒட்டி இறக்குவதைச் சாய்ப்பு என்கிறோம். காட்டில் சுவருக்குப் பதிலாக, நுனி இரண்டாகப் பிரிந்த இரண்டு கவைக்கம்பு, அவற்றின் மேல் குறுக்கே வளை எனும் ஒரு கம்பு. அதிலிருந்து தரைக்குச் சாய்த்த கைமரங்கள், அவற்றின் மேல் குறுக்காக வரிச்சுக் குச்சிகள், கட்டுவதற்குப் பனைநார். கூரை வேய்கிறவர்களின் சொற்கள் அப்படியே வந்து உட்காருகின்றன, புதிதாக எதையும் செய்ய வேண்டியதில்லை. கீழிருந்து மேலாக வேய வேண்டும், மேலடுக்கு கீழடுக்கின் தலையை மூட வேண்டும், சரிவு 45 பாகைக்குக் குறையக் கூடாது என்பதையும் விளக்கத்தில் சேர்க்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் மழை வடகிழக்கிலிருந்து அடிப்பதால் சாய்ப்பின் முதுகு அந்தப் பக்கம் இருக்க வேண்டும்.

சருகைக் கனமாகக் குவித்துச் செய்யும் குடிலுக்குச் 'சருகுக்குடில்' போதும். அது உடல்சூட்டைக் காக்கக் குளிர்நாட்டார் கண்ட வழி. நம் வெக்கையில் அதற்குள் தூங்க முடியாது, தேளும் பூரானும் வேறு. இங்கே பரண்தான் பொருத்தம். பாறை ஒதுக்கிடத்துக்குப் 'பொடவு' இருக்கிறது. மதுரையைச் சுற்றியுள்ள சமணர் குகைகள் பலவற்றில் மழைநீர் உள்ளே வழியாதபடி முகப்புப் பாறையில் பள்ளக்கோடாகக் காடி வெட்டியிருப்பார்கள்; அதற்கு 'நீர்வடி விளிம்பு' எனலாம்.

தீ உண்டாக்கும் கோலுக்குப் புறநானூற்று 'ஞெலிகோல்' அழகான சொல். ஆனாலும் கயிறு சுற்றிய வில்லால் சுழற்றுவதற்கு 'வில்கடைகோல்' என்றால், மோர் கடைந்து பார்த்த யாருக்கும் உடனே புரியும்.

ஒரு குறிப்பைக் கண்டிப்பாகச் சேர்க்க வேண்டும். காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவதும், மரம் வெட்டுவதும், தீ மூட்டுவதும் குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்ததை மறக்க முடியாது. பயிற்சி எல்லாம் சொந்தத் தோப்பில், காய்ந்து விழுந்த கம்பை வைத்து நடக்கட்டும்.

சாய்ப்புக்கு மேலூர், நத்தம் பக்கம் வேறு பெயர் வழங்கினால் எழுதுங்கள், பட்டியலில் இணைச்சொல்லாகப் போட்டுவிடலாம்.