‘இரட்சகர்’ என்ற சொல் உங்களுக்கு எப்போது உண்மையானது?

சாட்சி சொல்லச் சொன்னால் எனக்குக் கூச்சம் வந்துவிடும். தரிசனம் கண்டதில்லை, குரல் கேட்டதில்லை, தீராத நோய் எதுவும் தீர்ந்ததில்லை. இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன்.

வேதம் தெரியாதவன் இல்லை நான். குமாரனாகிய இயேசு படைக்கப்பட்டவர் என்று ஆரியுஸ் என்ற குரு போதித்ததும், 325ஆம் ஆண்டு ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம் அதை மறுத்து, அவர் பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்று அறிக்கையிட்டதும் எனக்கு அத்துப்படி. “இயேசு ஒரு நல்ல போதகர், அவ்வளவுதானே?” என்று யாராவது சொல்லிவிட்டால் அரை மணி நேரத்துக்கு விடமாட்டேன். அவர் கடவுள் என்று வாதாடத் தெரிந்த எனக்கு, அவர் என்னை எதிலிருந்து மீட்க வேண்டும் என்று கேட்டிருந்தால் பதில் தெரிந்திருக்காது. குடி இல்லை, சூது இல்லை. மீட்கிற அளவுக்கு என்ன இருக்கிறது?

இருந்தது. வேலையில் ஒரு கணக்கில் நான் செய்த தப்பு இன்னொருவர் தலையில் விழுந்தது. நான் பொய் சொல்லவில்லை. வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். அவருக்கு வேலை போயிற்று. அப்புறம் மூன்று வருடம், அவர் பேச்சு வந்தாலே நான் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன்.

ஒரு நாள் இராத்திரி தூக்கம் வராமல் லூக்கா 23ஆம் அதிகாரத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். சிலுவையில் தொங்கும் கள்ளனின் கதை; எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டதுதான். “அடியேனை நினைத்தருளும்” என்று அவன் கேட்பதைத்தான் எல்லாரும் சொல்வார்கள். அன்றைக்கு நான் நின்றது அதற்கு முந்தின வசனத்தில். நமக்கு நடப்பது நியாயம்தான், நாம் செய்ததற்கு இது தகும் என்று அடுத்த கள்ளனிடம் சொல்கிறானே, அங்கே. அப்படி ஒரு வாக்கியத்தை நான் என் வாழ்நாளில் சொன்னதில்லை. ஜெபத்தில்கூட “என் பாவங்களை மன்னியும்” என்று மொத்தமாகச் சொல்லி முடித்துவிடுவேன். மொத்தத் தொகை போட்டால் தனித்தனி வரவுசெலவு மறைந்துவிடும் என்பது கணக்கு எழுதுகிறவனுக்குத் தெரியாதா?

அன்றைக்கு வேலை இழந்தவரின் பெயரைச் சொல்லி, நடந்ததை வரிசையாகச் சொல்லி, “ஆண்டவரே, இது நான் செய்தது” என்றேன். அழுதாயா என்று கேட்பார்கள். அழவில்லை. வயிற்றைக் கலக்கியது. ஆனால் தனியாக இல்லை என்பதும் தெரிந்தது. இதற்குமேல் அதை விவரிக்க எனக்கு வராது.

கள்ளனால் எதையும் திருப்பிக் கொடுக்க முடியாது, ஞானஸ்நானத்துக்கும் வழியில்லை. ஆனாலும் “இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்” என்று இயேசுவிடமிருந்து பதில் வந்தது. நாலு அதிகாரம் முன்னால் போனால் வரி வசூலிக்கிற சகேயு. அவனுக்கு நேரமும் இருந்தது, பணமும் இருந்தது. அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் தருகிறேன் என்றான். ஆனால் உன் வீட்டில் தங்க வேண்டும் என்று இயேசு சொன்ன பிறகுதான் அவன் அதைச் சொன்னான். இந்த வரிசைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. திருப்பிக் கொடுத்து அவன் இரட்சகரை வாங்கவில்லை.

சரி, எனக்கும் நேரம் இருந்தது. மறுநாள் நடந்ததை எழுதி மேலதிகாரியிடம் கொடுத்தேன். வேலை இழந்தவருக்கும் போன் செய்தேன்.

*

சகோதரருக்கு ஒரு இராத்திரி கிடைத்தது. எனக்கு அதுவும் இல்லை. விசுவாசக் குடும்பத்தில் பிறந்தவள். “எந்தத் தேதியில் இரட்சிக்கப்பட்டாய்?” என்று கேட்பவர்களைக் கண்டாலே சின்ன வயதில் ஓடி ஒளிவேன். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி தேதி வைத்திருந்தார்: 1738 மே 24. ஆனால் அதற்குப் பத்து வருடம் முன்பே அவர் குருப்பட்டம் பெற்றவர். அந்தப் பத்து வருடத்தை என்னவென்று சொல்வது? சூரியன் எத்தனை மணிக்கு உதித்தது என்று தெரியாவிட்டாலும் வெயிலில்தானே நிற்கிறேன்.

*

நான் சபைக்கு வெளியிலிருந்து வந்தவன். இயேசுவை மகான் என்று ஏற்க எனக்குத் தடையே இருந்ததில்லை. அவரைக் கும்பிடுவதுதான் முடியவில்லை. இயேசுவின் சீடர் தோமாதான் கைகொடுத்தார். ஒரு யூதர், ஒரே கடவுள் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர், இன்னொரு மனிதரின் முகத்தைப் பார்த்து “என் ஆண்டவரே, என் தேவனே” என்கிறார். அந்த “என்” இல்லாமல் சொல்லிப் பார்த்தேன். அது வெறும் தகவலாக இருந்தது.

*

எல்லாரும் நடந்ததைச் சொல்கிறீர்கள். நான் என்னை இயேசுவுக்கு ஒப்புக்கொடுத்து ஆறு மாதமாகிறது. எதுவும் நடக்கவில்லை. மாற்கு 9இல் வரும் அந்தத் தகப்பனைப்போல “என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்” என்று மட்டும் தினமும் சொல்கிறேன். அந்த ஆள் பாதி நம்பிக்கையோடு வந்தபோதும் இயேசு பிள்ளையைக் குணமாக்கினார், அதனால் விடாமல் சொல்கிறேன். ஆனால் முதலில் எழுதியவரிடம் ஒன்று கேட்க வேண்டும். போனை எடுத்தாரா, மன்னித்தாரா?

*

எடுத்தார். கடைசிவரை கேட்டார். “இப்போ எதுக்கு இதைச் சொல்றீங்க?” என்றார். பதில் சொல்ல ஆரம்பிப்பதற்குள் வைத்துவிட்டார். எழுதிக் கொடுத்ததில் ஒரு நகலை அவருக்கு அனுப்பினேன். கிடைத்தது என்று ஒரு வரி வந்தது. இதுவரை அவ்வளவுதான்.