மாடித் தளக் கணக்கு: சதுர அடியும் கன அடியும்

மதுரை மாமா: மாப்பிள்ளை, அடுத்த வாரம் மாடித் தளத்துக்குக் கான்கிரீட் போட இருக்கிறோம். தளம் 1,000 சதுர அடி. கொத்தனார் 417 கன அடி கான்கிரீட் வேண்டும் என்கிறார், கலந்த கான்கிரீட்டையே லாரியில் கொண்டுவரும் ரெடிமிக்ஸ்காரர்கள் 11.8 கன மீட்டர் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். 1,000 சதுர அடி என்பது ஏறத்தாழ 93 சதுர மீட்டர் ஆயிற்றே, பிறகு 11.8 எங்கிருந்து வந்தது?

அண்ணன்: மாமா, இருவரும் ஒரே அளவைத்தான் சொல்கிறார்கள். 93 என்பது பரப்பளவு; கான்கிரீட் எவ்வளவு இடத்தில் பரவும் என்பதை மட்டுமே அது சொல்லும். எத்தனை அங்குலக் கனத்தில், அதாவது தடிமனில், போடுகிறோம் என்பதும் தெரிந்தால்தான் எவ்வளவு கான்கிரீட் வாங்குவது என்று சொல்ல முடியும். உங்கள் வரைபடத்தில் 5 அங்குலம் என்று இருக்கிறது. 1,000-ஐ 5-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 417 கன அடி. ஒரு கன மீட்டருக்கு 35.3 கன அடி என்பதால் அது 11.8 கன மீட்டர்.

சின்ன அத்தை: சதுர அடியைச் சதுர மீட்டராக்க 10.76-ஆல் வகுப்போமே, இதற்கு மட்டும் ஏன் 35.3?

அண்ணன்: ஒரு மீட்டர் 3.28 அடி, அத்தை. பரப்பளவில் நீளமும் அகலமும் இருப்பதால் 3.28-ஐ இரண்டு முறை பெருக்குகிறோம், 10.76 வருகிறது. கன அளவில் உயரமும் சேர்வதால் இன்னொரு முறை பெருக்க வேண்டும், 35.3 ஆகிறது. 417 கன அடியை 10.76-ஆல் வகுத்திருந்தால் கிட்டத்தட்ட 39 கன மீட்டருக்குப் பணம் கட்டியிருப்போம்.

மதுரை மாமா: கான்கிரீட்டைத் தாங்கப் பலகை அடிக்கும் சென்ட்ரிங்காரர் சதுர அடிக் கணக்கில் கூலி கேட்கிறாரே, அது சரியா?

அண்ணன்: சரிதான் மாமா. பலகை அடிப்பது, பூசுவது, டைல்ஸ் ஒட்டுவது எல்லாம் பரப்பில் செய்யும் வேலைகள். பொதுவாக 9 அங்குலச் சுவரைக் கன அளவிலும், நாலரை அங்குலத் தடுப்புச் சுவரைப் பரப்பளவிலும் கணக்கிடுவார்கள்.

தம்பி: எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) லாரி நாளை காலை வருகிறது. மூன்று யூனிட் என்று சொன்னார்கள். எப்படி அளப்பது?

அண்ணன்: ஒரு யூனிட் 100 கன அடி. லாரித் தொட்டியின் உள் நீளத்தையும் அகலத்தையும் அளந்துகொள். 12 அடிக்கு 7 அடி என்றால் 84 சதுர அடி. 300 கன அடிக்கு மணலின் உயரம் ஏறத்தாழ மூன்று அடி ஏழு அங்குலம் இருக்க வேண்டும். ஏமாற்றம் நடப்பது பெரும்பாலும் உயரத்தில்தான். அரை அடி குறைந்தாலே 42 கன அடி போய்விடும். ஆகவே நடுவில் குவிந்திருப்பதை மட்டும் பார்க்காமல், நான்கு மூலைகளிலும் கம்பியைச் செருகிப் பார்த்துச் சராசரி எடு. மணல் ஈரமாக இருந்தால் உப்பிக்கொண்டு அதிகக் கன அளவைக் காட்டும் என்பதையும் மறந்துவிடாதே.

சின்ன அத்தை: பீம்களும் அந்த 11.8-க்குள் அடங்குமா?

அண்ணன்: அடங்காது அத்தை. தளத்துக்குக் கீழே இறங்கும் பீம்களின் கன அளவையும் சன்ஷேடையும் தனியாகக் கூட்ட வேண்டும். மாமா, பீம்களின் நீளம், அகலம், இறக்கம் மூன்றையும் இங்கே அனுப்புங்கள். இன்று இரவே கூட்டித் தருகிறேன்.

மதுரை மாமா: வரைபடத்தைப் படம் எடுத்து அனுப்புகிறேன், மாப்பிள்ளை. ரெடிமிக்ஸ்காரர்களின் மதிப்பீட்டிலும் தளத்தின் கனத்தைத் தனியே குறிக்கச் சொல்லிவிடுகிறேன்.