போட்டோஷாப்: விஎம்முக்குள்ளா, டூயல் பூட்டா?

ஆல்பம்காரன்:
கல்யாண ஆல்பம் வடிவமைப்பது என் வேலை. மெஷினில் உபுண்டு லினக்ஸ், 32 ஜிபி ராம், தனி கிராபிக்ஸ் கார்டு. போட்டோஷாப்புக்காக மட்டும் விர்ச்சுவல் மெஷினில் (விஎம், உபுண்டுவுக்குள்ளேயே ஓடும் போலிக் கணினி) விண்டோஸ் போட்டு 16 ஜிபி ஒதுக்கியிருக்கிறேன். 12க்கு 36 ஷீட் ஒழுங்காகத்தான் திறக்கிறது, ஆனால் முகத்தில் ஹீலிங் பிரஷ் வைத்தால் கை முன்னே போகிறது, கோடு பின்னே வருகிறது. படத்தை வளைத்து இழுக்கும் லிக்விஃபை பக்கமே போக முடியவில்லை. இன்னும் 32 ஜிபி வாங்கினால் சரியாகுமா, இல்லை விண்டோஸை நேரடியாகவே போட்டுவிடவா?

நள்ளிரவு ரெண்டர்:
ராமில் காசைக் கொட்டாதீர்கள். 12க்கு 36 அங்குலம், 300 டிபிஐ என்றால் 10,800க்கு 3,600, அதாவது ஏறக்குறைய 3.9 கோடி பிக்சல். 8 பிட்டில் ஒரு முழு லேயர் சுமார் 117 எம்பி, இருபது லேயர் போட்டாலும் 2.3 ஜிபிதான். இடிப்பது கிராபிக்ஸில். விஎம் போட்டோஷாப்புக்குக் காட்டுவது உங்கள் கார்டை அல்ல, ஒரு பொம்மைக் கார்டை. விஎம் ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளின் செட்டிங்கில் வீடியோ மெமரியை 256 எம்பிக்கு மேல் நகர்த்தவே முடியாது, போட்டோஷாப் கேட்பதோ குறைந்தது 1.5 ஜிபி. ஜிபியு (கிராபிக்ஸ் கார்டு) வசதிகளில் சிக்கல் இருப்பதால் விஎம்முக்கு அதிகாரபூர்வ ஆதரவு இல்லை என்று அடோபியே எழுதி வைத்திருக்கிறது. டூயல் பூட் போடுங்கள், மெஷினை ஆன் செய்யும்போது உபுண்டுவா விண்டோஸா என்று தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், வேலை முடிந்தது.

கொல்லைப்புற சர்வர்:
விஎம் என்றாலே ஆமை என்பது பழைய பாட்டு. ப்ராசஸர் வேலை இன்று ஏறக்குறைய நேரடி வேகத்தில்தான் ஓடுகிறது. நூறு படத்தை ஜேபெக்காக மாற்றிப் பாருங்கள், பெரிய வித்தியாசம் தெரியாது. விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் என்ற விஎம் மென்பொருள் கெஸ்டுக்கு, அதாவது உள்ளே ஓடும் விண்டோஸுக்கு, 8 ஜிபி வரை கிராபிக்ஸ் மெமரி தருகிறது, 2024 நவம்பரிலிருந்து எல்லாருக்கும் இலவசம். அதுவும் போதாதென்றால் லினக்ஸின் சொந்த விஎம் வசதியான கேவிஎம்மில் பாஸ்த்ரூ செய்து நிஜக் கார்டையே உள்ளே கொடுங்கள். விஎம்முக்குள் ஜீஃபோர்ஸ் கார்டின் டிரைவர் கோட் 43 என்ற பிழையைக் காட்டி நின்றுவிடும் தொல்லையையும் 2021இல் அதைத் தயாரிக்கும் என்விடியாவே நீக்கிவிட்டது.

நள்ளிரவு ரெண்டர்:
விண்டோஸ் மென்பொருள்கள் கிராபிக்ஸ் கார்டோடு பேசும் டைரக்ட்எக்ஸில் விஎம்வேர் தருவது 11, போட்டோஷாப் கேட்பது 12. மெமரி எட்டு ஜிபி இருந்து என்ன பயன்? பாஸ்த்ரூவில் இருக்கிற ஒரே கார்டைக் கெஸ்டுக்குத் தாரை வார்த்துவிட்டால் உபுண்டு எதில் படம் காட்டும்? நாளைக்கு டெலிவரி இருக்கிற மனுஷனைக் கெர்னல் பாராமீட்டர் எழுதச் சொல்கிறீர்களே, நியாயமா?

அரக்குச் சிவப்பு:
இருவரும் நிறத்தை விட்டுவிட்டீர்கள். கெஸ்டுக்குள் மானிட்டரின் நிறத்தைக் கேலிப்ரேட் செய்தால் (சரிப்படுத்தினால்) அந்தத் திருத்தம் பொம்மைக் கார்டோடு நின்றுவிடும், நிஜத் திரைக்கு வராது. இது தெரியாமல் நான் ஒரு ஆல்பம் அனுப்பி, முகூர்த்தப் புடவை செங்கல் நிறத்தில் அச்சாகி வந்தது. லேப் மேல் தப்பில்லை, தப்பு என்னுடையது. ஹோஸ்டில், அதாவது உபுண்டுவில், கேலிப்ரேட் செய்து, அதே நிற ப்ரொஃபைலைக் கெஸ்டிலும் வையுங்கள்.

கொல்லைப்புற சர்வர்:
அது செய்யக்கூடியதுதானே? நிறத்துக்காக விஎம்மையே தூக்கிப் போட வேண்டாம். ஒரு அப்டேட் என் பிளக்இன்களைக் காலி செய்தபோது முன்பே சேமித்து வைத்த விஎம் ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்ப எனக்கு இரண்டு நிமிடம் ஆனது, டூயல் பூட்டில் ஒரு நாள் போயிருக்கும். அப்புறம், இலவசப் பட எடிட்டரான கிம்ப் 3.0இல் லேயரைக் கெடுக்காத ஃபில்டர்கள் வந்துவிட்டன, அதையும் ஒரு கை பாருங்கள்.

ஆல்பம்காரன்:
கிம்ப் நல்லதுதான் அண்ணா, ஆனால் எனக்கு வருகிற பிஎஸ்டி (போட்டோஷாப் ஃபைல்) டெம்ப்ளேட் முழுக்க ஸ்மார்ட் ஆப்ஜெக்ட், மூலப் படத்தை அப்படியே உள்ளே வைத்திருக்கும் போட்டோஷாப் லேயர். பாஸ்த்ரூவும் ஆகாது, என் ப்ராசஸரில் உள் கிராபிக்ஸ் கிடையாது. பழைய எஸ்எஸ்டி ஒன்றில் விண்டோஸைத் தனியாகப் போட்டு நேற்று அதே ஷீட்டைத் திறந்தேன். திறக்கிற நேரம் முன்பு போலத்தான், பிரஷ் மட்டும் கையோடு வருகிறது. ரீடச் இனி அதில்தான். விஎம்மை அழிக்கவில்லை, மாப்பிள்ளை பெயரில் எழுத்துப் பிழை என்று ராத்திரி பத்து மணிக்கு ஃபோன் வந்தால் அதற்காக ரீபூட் செய்ய முடியாது.

கொல்லைப்புற சர்வர்:
இரண்டாவது கார்டு ஒன்று, பழையது போதும், கிடைக்கும்போது சொல்லுங்கள். மறுபடி பேசுவோம்.

நள்ளிரவு ரெண்டர்:
விடமாட்டீர்களே! ஆல்பம்காரரே, விண்டோஸை முழுதாக அணைக்காமல் பாதி தூங்கவைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் உபுண்டுவிலிருந்து அந்த டிஸ்கில் எதையும் சேவ் செய்ய விடாது.