‘ஷிபோலேத்’ சொல்லிக்கொடுக்க ஓர் எடுத்துக்காட்டு வேண்டும்

வணக்கம். தேன்கனிக்கோட்டையில் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். வெள்ளிக்கிழமை ஆங்கில மன்றத்துக்காக பாஸ்வேர்ட், மாட்டோ, ஸ்லோகன் மாதிரிச் சொற்களை நடத்துகிறேன். ஸ்லோகன் ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் போர்முழக்கம் என்றதும் பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்டது.

‘ஷிபோலேத்’ (சொல்லும் விதத்திலேயே ஒருவர் எந்தக் கூட்டத்தார் என்று காட்டிக்கொடுக்கும் சொல்) வந்ததும் நின்றுவிட்டது. யோர்தான் ஆற்றுத் துறையில் கீலேயாத்தியர் அதைச் சொல்லச் சொன்னதும், அவர்களிடம் போரில் தோற்று ஓடிவந்த எப்பிராயீமர் ‘சிபோலேத்’ என்று சொல்லிப் பிடிபட்ட பைபிள் கதையைச் சொன்னேன். “அதுவும் பாஸ்வேர்டுதானே டீச்சர்?” என்கிறார்கள். அகராதி விளக்கமும் எடுபடவில்லை. ழகரத்தை வைத்து விளக்கலாம். ஆனால் வகுப்பில் பலர் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள். அவர்கள் நாக்கைச் சோதிக்க எனக்கு மனசு வரவில்லை.

யார் மனமும் நோகாமல், உச்சரிப்பே ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்பதைப் புரியவைக்க வேறு எடுத்துக்காட்டு இருக்கிறதா?