பாட்டில் காற்றைத் திடீரென விட்டால் 50 டிகிரிக்கு மேல் குளிரணுமே, சென்சார் ஏன் 4 டிகிரிகூடக் காட்டவில்லை?

கேள்வி:
பதினோராம் வகுப்புக்கு வெப்பப் பரிமாற்றமில்லா விரிவைச் செய்துகாட்ட வேண்டும். 2 லிட்டர் சோடா பாட்டில், மூடியில் டியூப்லெஸ் வால்வு, உள்ளே ஸ்டீல் குழாய் போட்ட டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சார், வயர் நுழையும் ஓட்டையில் எம்-சீல். சைக்கிள் பம்பில் 15 பி.எஸ்.ஐ. ஏற்றி, வால்வு ஊசியை அழுத்திக் காற்றை விடுகிறேன். 30 டிகிரியில் தொடங்கினால் கணக்குப்படி மைனஸ் 25 வரை இறங்கணும். திரையில் 30.1-இலிருந்து 26.4 வரைதான். கசிவா, கணக்கில் பிழையா?

பதில் 1:
கணக்கு சரி. பாட்டிலில் மிஞ்சும் காற்று 3 கிராம்கூட இருக்காது. அந்த ஸ்டீல் குழாயும் உள்ளே ஊற்றிய எப்பாக்சியும் அதே அளவு எடை. அது குளிர்வதற்குள் பாட்டில் சுவர் காற்றைச் சூடாக்கிவிடும். போதாததற்கு, அந்தச் சென்சார் 12 பிட்டில் ஒரு அளவு எடுக்கவே முக்கால் நொடி ஆகும். குண்டூசித் தலையளவு கண்ணாடி மணி தெர்மிஸ்டர் அல்லது மெல்லிய கம்பி தெர்மோகப்பிள் போடுங்கள். சுவரில் படாமல் நடுவில் தொங்கட்டும். ஊசி வழியாகக் காற்று போகப் பல நொடி பிடிக்கும், கால் திருப்பில் திறக்கும் பால் வால்வு வையுங்கள். ஏற்றியதும் விடாதீர்கள்: அழுத்தியதில் வந்த சூடு ஆற 3, 4 நிமிடம் வேண்டும். உள்ளே ஈரம் இருந்தால் பனிமூட்டம் தட்டும், அது வெளிவிடும் வெப்பம் குளிர்ச்சியைக் குறைக்கும்.

பதில் 2:
இவ்வளவு செய்தும் 50 டிகிரி கிடைக்காது. தெர்மாமீட்டரையே விட்டுவிடுங்கள், அழுத்தமே வெப்பநிலையைச் சொல்லும். கிளெமென்ட், டெசோர்ம் என்ற பிரெஞ்சு வேதியியலாளர்கள் 1819-இல் வெளியிட்ட முறை இது. 5 லிட்டருக்குக் குறையாத, உலர்ந்த கண்ணாடி ஜாடி. அகல வாய்க்கு ரப்பர் கார்க். அழுத்தத்தைக் காட்ட, ஒரு முனை ஜாடியோடு இணைந்த, ஒரு சொட்டு மை கலந்த தண்ணீருள்ள யூ வடிவ டியூப். மட்ட வித்தியாசம் 20 செ.மீ. வரும்வரை ஊதி அடைத்து, தண்ணீர் அசையாமல் நிற்கும்வரை பொறுங்கள். கார்க்கைத் திறந்து, ‘புஸ்’ அடங்கிய கணமே மூடுங்கள். காற்று 1.7 டிகிரிதான் குளிர்ந்திருக்கும். ஆனால் அது மறுபடி அறைச் சூட்டுக்கு வரும்போது மட்ட வித்தியாசம் 5.7 செ.மீ. ஆகும், கடைசி பெஞ்சுக்கும் தெரியும்! 20-ஐ 14.3-ஆல் (20 கழித்தல் 5.7) வகுத்தால் காமா 1.40: மாறா அழுத்தத்தில் காற்றின் வெப்ப ஏற்புத்திறனுக்கும் மாறாக் கன அளவில் உள்ளதற்கும் இடையிலான விகிதம்.

கேட்டவர்:
கண்ணாடி ஜாடியில் அழுத்தம் ஏற்றலாமா? எனக்கு 1.3-தான் வந்தால்?

பதில் 2:
20 செ.மீ. தண்ணீர் என்பது வளிமண்டல அழுத்தத்தில் 2 சதவீதம்தான், பயமில்லை. பம்பை மட்டும் அதில் மாட்டவே கூடாது, 15 பி.எஸ்.ஐ. சோடா பாட்டிலுக்கு மட்டும். 1.3 வந்தால் மூடத் தாமதம்: திறந்திருக்கும்போதே காற்று சுவரில் சூடு வாங்கிவிட்டது. 1.5 போல வந்தால் முழுக்க வெளியேறுமுன் மூடிவிட்டீர்கள். பிளாஸ்டிக் கேன் வேண்டாம், சுவர் உப்பி அளவைக் கெடுக்கும்.