குரோமில் ‘தீபம்’, மாமாவின் ஐபோனில் ‘திபம்’: ஒரே தளம் ஆளுக்கொரு மாதிரி தெரிகிறது, எங்கே தப்பு?

வெண்கலக்கடை_மருமகன்:

வணக்கம். கும்பகோணத்தில் மாமாவுக்குப் பாத்திரக்கடை. அதற்கு நானே ஒரு தளம் போட்டேன். பெரிய வேலை ஒன்றும் இல்லை, பொருட்களின் படங்கள், விலைப்பட்டியல் ஒரு பக்கம், ஆர்டர் படிவம் ஒன்று, அவ்வளவுதான். இணையத்தில் கிடைத்த ஆங்கில டெம்ப்ளேட் ஒன்றை எடுத்துத் தமிழில் மாற்றிக்கொண்டேன். என் லேப்டாப்பில் குரோமில் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கிறது. குரோமிலேயே மொபைல் வியூ வைத்து நாலைந்து போன் அளவுகளில் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை.

கடைக்குப் போய்க் காட்டலாம் என்று உட்கார்ந்தால் மாமா தன் ஐபோன் 6-ஐ எடுத்தார். அதோடு மானம் போயிற்று. ‘காமாட்சி தீபம்’ என்று போட்டது ‘காமாட்சி திபம்’ என்று தெரிகிறது, மேலே உள்ள சுழியைக் காணோம். ‘வெண்கல உருளி’ கிட்டத்தட்ட ‘உருள’ ஆகிவிட்டது. பொருட்களுக்கு நடுவே விட்ட இடைவெளி இல்லாமல் எல்லாம் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. ஆர்டர் பட்டன் திரைக்கு அடியில் ஒளிந்துகொண்டது. குரோமில் சரியாக இருக்கிறதே என்று அதே போனில் குரோமைப் போட்டுப் பார்த்தேன், அதிலும் அச்சு அசல் அப்படியே.

இது ஒரு பக்கம். போன வாரம் கடைக்கு ஒரு போன் வந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர், பார்வை இல்லாதவர், போனே படித்துக் காட்டுவதைக் கேட்டுத்தான் எல்லாம் செய்வாராம். “தம்பி, உங்க தளத்துல ஆர்டர் பட்டனே இல்லையே, விலைப் பக்கத்துல என்னமோ இங்கிலீஷ் எழுத்தா ஒவ்வொண்ணா படிக்குதே” என்றார். எனக்கு என்ன பதில் சொல்வதென்றே தெரியவில்லை, விலையை வாயால் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

ஒவ்வொரு உலாவிக்கும் தனித்தனியாக சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் கோடு) எழுத வேண்டுமா? இதற்கு ஏதாவது ஒரே வழி இருக்கிறதா?

சஃபாரி_வைத்தியர்:

தனித்தனியாக எழுத ஆரம்பித்தால் கடையை மூடும்வரை எழுதிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். வேண்டாம்.

முதலில் குரோம் மொபைல் வியூ பற்றி. அது திரையின் அளவைத்தான் மாற்றிக் காட்டும், உள்ளே ஓடுவது, அதாவது பக்கத்தை வரைந்து காட்டுவது, அதே குரோம் எஞ்சின்தான். ஐபோனில் ஓடுவது வெப்கிட் என்ற ஆப்பிளின் எஞ்சின். நம் ஊரில் ஐபோனில் குரோம் போட்டாலும் ஃபயர்பாக்ஸ் போட்டாலும் பெயரும் மேல் சட்டையும்தான் வேறு, உள்ளே வெப்கிட்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024-இல் ஐஓஎஸ் 17.4 வந்தபோது வேறு எஞ்சினுக்கு அனுமதி கொடுத்தார்கள். ஆகவே மாமா போனில் குரோம் போட்டும் மாறாதது ஆச்சரியமே இல்லை.

ஐபோன் 6 ஐஓஎஸ் 12-க்கு மேல் ஏறாது. இடைவெளி போனதற்குக் காரணம் அதுதான். பொருட்களை வரிசையாக அடுக்கும் சிஎஸ்எஸ் முறையான ஃப்ளெக்ஸ்பாக்ஸில் இடைவெளிக்கு ‘கேப்’ போட்டிருப்பாய். அது குரோமில் 84-ஆம் பதிப்பிலேயே வந்துவிட்டது, சஃபாரிக்கு 2021 ஏப்ரலில் 14.1 வரும்வரை கிடையாது. இதில் ஒரு பொறி இருக்கிறது, நான் ஒரு ராத்திரி முழுக்க மாட்டிக்கொண்டு முழித்தது: உலாவிக்கு ஒரு வசதி தெரியுமா என்று கேட்கும் சப்போர்ட்ஸ் விதி போட்டு ‘கேப் தெரியுமா?’ என்று கேட்டால் அந்தப் பழைய சஃபாரி ‘தெரியும்’ என்று சொல்லிவிடும். பொய்யும் இல்லை, கிரிட் என்ற இன்னொரு அடுக்கு முறையில் அதற்கு கேப் தெரியும், ஃப்ளெக்ஸில்தான் தெரியாது, ஆனால் கேள்வியில் அந்த வித்தியாசத்தைச் சொல்ல வழியில்லை. பொருள் பட்டியலை கிரிட்டுக்கு மாற்றிவிடு, பிரச்சினை தீர்ந்தது. எப்படியும் கட்டம் கட்டமாக அடுக்குவதற்கு கிரிட்தான் சரி.

பட்டன் ஒளிந்ததற்குக் காரணம், பக்கத்தின் உயரத்தை 100 விஎச், அதாவது முழுத் திரை உயரம், என்று வைத்தது. போன் சஃபாரியில் 100 விஎச் என்பது கீழே உள்ள பட்டை மறைந்த பிறகு இருக்கிற உயரம். பட்டை தெரிகிற நேரத்தில் உன் பக்கத்தின் அடிப்பகுதி அதற்குப் பின்னால் போய்விடும். புது உலாவிகளுக்கு டிவிஎச் என்று ஓர் அளவு வந்திருக்கிறது, ஆனால் மாமா போனுக்கு அது தெரியாது. முதல் வரியில் விஎச், அடுத்த வரியில் டிவிஎச் என்று எழுதினால் தெரிந்தது எடுத்துக்கொள்ளும், தெரியாதது அந்த வரியைக் கண்டுகொள்ளாமல் போய்விடும். இருந்தாலும் ஒன்று கேட்கிறேன், ஆர்டர் பக்கம் எதற்குத் திரை உயரத்துக்கு நிற்க வேண்டும்? உயரத்தையே எடுத்துவிடு. படிவம் முடிகிற இடத்தில் பட்டன் வரட்டும்.

இன்னொன்று, படிவப் பெட்டிகளில் எழுத்தின் அளவு 16 பிக்சலுக்குக் குறைவாக இருந்தால் ஐபோன் தானாகப் பெரிதாக்கிவிடும். அதற்குப் பயந்து டெம்ப்ளேட்காரர்கள் ‘யூசர் ஸ்கேலபிள் நோ’ என்று போட்டு விரலால் பெரிதாக்குவதையே பூட்டி வைத்திருப்பார்கள். அது இருந்தால் தூக்கு. எழுத்தை 16 ஆக்கு.

எழுத்துக்கிறுக்கன்:

தீபம் திபம் ஆனதுக்கு நான் வருகிறேன், இது என் பேட்டை.

தளத்தைப் பார்த்தேன். ஃபாண்ட் என்று பாப்பின்ஸ் மட்டும் கொடுத்திருக்கிறீர்கள். பாப்பின்ஸில் லத்தீன் உண்டு, தேவநாகரி உண்டு, தமிழ் ஒரு எழுத்துகூடக் கிடையாது. ஆகவே உங்கள் தளத்தில் விலை எண்கள் மட்டும் பாப்பின்ஸ், மீதி எல்லாம் அந்தந்தச் சாதனம் கையில் வைத்திருக்கிற தமிழ் எழுத்து. விண்டோஸ் 10-இல் நிர்மலா, ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் நோட்டோ, ஆப்பிளில் தமிழ் சங்கம். ஒவ்வொன்றுக்கும் உயரமும் வேறு, கோட்டுக்கு மேலே கீழே விடுகிற இடமும் வேறு.

அதோடு பொருளின் பெயருக்கு வரி உயரம் 1.1, ஓவர்ஃப்ளோ ஹிடன், அதாவது பெட்டியைத் தாண்டுவதை வெட்டி மறை என்ற கட்டளை. ஆங்கிலத்துக்கு இது தாங்கும். தமிழுக்குத் தாங்காது. ‘தீ’யின் சுழி எங்கே இருக்கிறது பாருங்கள், எழுத்தின் உச்சந்தலையில். மேலே கொஞ்சம் வெட்டினால் எழுத்து அசிங்கமாகாது, அதுதான் ஆபத்து, சுழி போய் அழகான ‘தி’ ஆகிவிடும். படிக்கிறவர் எழுத்துப்பிழை என்று உங்களைத் திட்டுவார். கீழே வெட்டினால் ‘து’, ‘பு’ எல்லாம் வால் போய் நிற்கும். வரி உயரம் 1.5-க்குக் குறையாமல் வையுங்கள், நான் 1.6 வைப்பேன். பெயர் ஒரே வரியில் அடங்க வேண்டும் என்று புள்ளி புள்ளி வைத்து மறைப்பதையும் விட்டுவிடுங்கள். ‘பித்தளைக் குத்துவிளக்கு, ஐந்து முகம்’ என்பதை எந்தப் பெட்டியில் அடக்குவீர்கள்? இரண்டு வரியாகப் போகட்டும்.

ஃபாண்டுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, இதில் எது பிடித்தாலும் சரி, உங்கள் சர்வரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். தடித்த எழுத்து வேண்டும் என்றால் தடித்த கோப்பையும் சேர்த்தே ஏற்றுங்கள். ஒரே கோப்பை ஏற்றிவிட்டு போல்டு என்று சொன்னால் உலாவி தானே மை பூசித் தடிக்க வைக்கும், அது ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாக அப்பும். மீரா இனிமை எனக்கு ரொம்பப் பிடித்த எழுத்து, ஆனால் அதில் ஒரே ஒரு தடிமன்தான், தலைப்பில் போட்டு போல்டு ஆக்காதீர்கள். டெம்ப்ளேட்டில் தலைப்புக்கு லெட்டர் ஸ்பேசிங் கொடுத்திருக்கிறார்கள், அதையும் எடுங்கள். ஆங்கிலக் கேப்பிட்டல் எழுத்துக்கான அலங்காரம் அது, தமிழுக்கு அதனால் எந்தப் பிரயோசனமும் இல்லை.

காதால்_படிப்பவன்:

நானும் அந்த ஆசிரியர் மாதிரிதான், திரையில் இருப்பதைப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான்கள்தான் துணை, கணினியில் என்விடிஏ, போனில் டாக்பேக். தளத்தைத் திறந்து பார்த்தேன், அதாவது கேட்டேன்.

பட்டன் இல்லை என்று அவர் சொன்னது சரி. கண்ணுக்குப் பட்டன், கோடில் வெறும் டிவ் என்ற பொதுப் பெட்டி, அதில் ஒரு கிளிக். எனக்கு அது ‘ஆர்டர் செய்க’ என்ற இரண்டு சொல், அவ்வளவுதான். அழுத்தலாம் என்று அது சொல்லவே இல்லை. டேப் விசையால் போனாலும் அதன் மேல் நிற்பதில்லை. பட்டன் டேக் போட்டால் இதெல்லாம் இனாமாக வரும், எல்லா உலாவியிலும் வரும். படிவத்தில் பெயர், ஊர், போன் எல்லாம் பெட்டிக்குள் மங்கலாக எழுதி வைத்திருக்கிறீர்களே, தட்டச்சு செய்ய ஆரம்பித்ததும் அது போய்விடும். ஒவ்வொரு பெட்டிக்கும் லேபிள் கொடுங்கள். படங்களுக்கு ஆல்ட், அதாவது படத்தில் இருப்பதைச் சொல்லும் வரி, இல்லை, கோப்பின் பெயரைத்தான் கேட்டேன், ஐஎம்ஜி அடிக்கோடு 2031 என்று. அது உருளியா, தவலையா?

பக்கத்தின் மொழி இன்னும் ‘ஆங்கிலம்’ என்று இருக்கிறது, டெம்ப்ளேட்டில் இருந்து வந்தது போல. மேலே எச்டிஎம்எல் டேகில் லாங் என்பதைத் தமிழுக்கு மாற்றினால் திரைவாசிப்பான் தமிழ்க் குரலுக்கு மாறும். ஒரே ஒரு சொல் வேலை. இதைச் செய்யாத தமிழ்த் தளங்கள் எத்தனை என்று எண்ண ஆரம்பித்தால் எனக்கு ரத்தக்கொதிப்பு வந்துவிடும்.

விலைப் பக்கம் எனக்கும் எம், கே, அரைப்புள்ளி என்றுதான் வருகிறது. அந்தப் பட்டியலைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது.

வெண்கலக்கடை_மருமகன்:

ஒட்டினேன். ஐயோ. ஒரு தமிழ் எழுத்து இல்லை, முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். பட்டியல் டிடிபி கடையில் இருந்து வந்தது, அவர்கள் கொடுத்த ஃபாண்டையும் சேர்த்து ஏற்றினால்தான் சரியாகத் தெரிந்தது, அதனால் ஏற்றிவிட்டேன். தப்பு என்றே தோன்றவில்லை.

பழைய_பெருச்சாளி:

பாமினி வகை எழுத்துரு. திரையில் ‘அம்மா’ என்று தெரியும், அடியில் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். ஆங்கில எழுத்துக்குத் தமிழ் வேஷம் கட்டி விட்டிருக்கிறது, அவ்வளவுதான். கண்ணுக்கு வேஷம் தெரியும், காதுக்குத் தெரியாது. தேடுபொறிக்கும் தெரியாது, உங்கள் விலைப்பட்டியல் கூகுளில் ஜென்மத்துக்கும் வராது.

2000 வாக்கில் தமிழ்த் தளங்கள் எல்லாம் இந்தக் கூத்துதான் தம்பி. எக்ஸ்ப்ளோரருக்கு இஓடி என்று ஒரு கோப்பு, நெட்ஸ்கேப்புக்கு பிஎஃப்ஆர் என்று வேறொரு கோப்பு, இரண்டும் வேலை செய்யாவிட்டால் ‘இந்த எழுத்துருவை இறக்கிக்கொள்ளவும்’ என்று முகப்பில் ஒரு வரி. ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒவ்வொரு ஃபாண்டு. தமிழ் எழுத்துகளுக்கு எங்கும் ஒரே குறியெண் தரும் யூனிகோடு வந்து நம்மை அந்த நரகத்திலிருந்து இறக்கிவிட்டது. நீங்கள் 25 வருஷம் கழித்துத் தேடிப்போய் மறுபடி ஏறியிருக்கிறீர்கள்.

மாற்றித் தருகிற கருவிகள் இணையத்தில் நிறைய உண்டு. மாற்றிய பிறகு ஒரு தடவை கண்ணால் படித்துப் பாருங்கள், ‘ஸ்ரீ’, ‘க்ஷ’ மாதிரி இடங்களில் சறுக்கும். இன்னொரு வம்பு: ‘சொம்பு’ என்பதில் உள்ள ‘சொ’வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக, அல்லது இரண்டும் சேர்ந்த ஒரே குறியாக. திரையில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் உங்கள் தேடல் பெட்டி இரண்டையும் வேறு வேறு சொல்லாகப் பார்க்கலாம். சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி என்ற யூனிகோடு சீர்வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இரண்டாவது விதம் மட்டும் மிஞ்சும்.

விலைப்பட்டியலை உண்மையான டேபிளாகப் போடுங்கள். வாட்ஸாப் படமாகப் போட்டுவிடலாம் என்று இந்நேரம் யோசித்திருப்பீர்கள், அது வேண்டாம்.

அப்புறம், எல்லா உலாவியிலும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். மாமாவின் போனில் நிழல் கொஞ்சம் குறைவாக விழுந்தால் குடி முழுகிப் போகாது. விலை தெரிய வேண்டும், பெயர் சரியாகத் தெரிய வேண்டும், பட்டன் அமுங்க வேண்டும்.

சஃபாரி_வைத்தியர்:

பெருச்சாளி அண்ணன் சொன்னதுதான். சோதிக்க ஒன்று: மேக் இல்லாவிட்டாலும் பிளேரைட் என்ற கருவியோடு வெப்கிட் வரும், விண்டோஸிலேயே ஓடும். அது நிஜ ஐபோன் ஆகாது, ஆனால் பாதித் தொல்லை அங்கேயே பிடிபடும். மீதிக்கு மாமாவின் போன் இருக்கிறது, அதை மாற்ற விடாதே! மவுஸைப் பிடுங்கி வைத்துவிட்டு டேப், என்டர் இரண்டை மட்டும் வைத்து ஒரு ஆர்டர் போட்டுப் பார். எங்கே நிற்கிறோம் என்றே தெரியாமல் போனால் நிற்கிற இடத்தைச் சுற்றி வரும் கோட்டை மறைக்கும் ‘அவுட்லைன் நன்’ டெம்ப்ளேட்டில் இருக்கும், அதை அழி.

வெண்கலக்கடை_மருமகன்:

மூன்று நாள் கழித்து வருகிறேன். விலைப்பட்டியல் முழுக்க யூனிகோடு, டேபிள் ஆகிவிட்டது. மொத்தம் 212 பொருள், ‘ஸ்ரீ’ வருகிற ஒரு குடம் நிஜமாகவே சறுக்கியது, கையால் திருத்தினேன். கிரிட், பட்டன், லேபிள், லாங் எல்லாம் மாற்றியாயிற்று. மாமா போனில் தீபம் இப்போது தீபமாகவே இருக்கிறது. ஆசிரியருக்குப் போன் செய்து பார்க்கச் சொன்னேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை தானே போய்விட்டார், ஆனால் ஆர்டர் அனுப்பிய பிறகு ‘போச்சா இல்லையான்னு ஒண்ணுமே சொல்லலையே’ என்றார். திரையில் பச்சை நிறத்தில் ஒரு டிக் மட்டும்தான் வருகிறது.

இன்னொரு தகராறு. விலையெல்லாம் வெள்ளைப் பின்னணியில் பொன் நிறத்தில் இருக்கிறது. பித்தளைக்கடைக்கு அதுதான் லட்சணம் என்று மாமா ஒரே பிடியாக இருக்கிறார்.

காதால்_படிப்பவன்:

டிக் பக்கத்திலேயே ‘உங்கள் ஆர்டர் வந்து சேர்ந்தது’ என்று ஒரு வரி எழுதுங்கள், அந்த வரி வருகிற இடத்துக்கு ரோல் ஸ்டேட்டஸ் (இது நிலைச் செய்தி என்று திரைவாசிப்பானுக்குச் சொல்லும் குறிப்பு) கொடுங்கள். அந்த இடம் காலியாக முதலிலிருந்தே பக்கத்தில் இருக்க வேண்டும், வரி மட்டும் பிறகு வர வேண்டும். அப்போதுதான் சத்தமாகப் படிக்கும்.

எழுத்துக்கிறுக்கன்:

வழக்கமான அந்தப் பொன் நிறத்துக்கு வெள்ளை மேல் கான்ட்ராஸ்ட், அதாவது வெளிச்ச வேறுபாட்டு விகிதம், 2.1-தான் வரும். இணைய அணுகல் நெறிமுறையான டபிள்யூசிஏஜி சாதாரண எழுத்துக்குக் கேட்பது 4.5. கடைக்கு வருகிறவர்களில் கண்ணாடி போட்டவர்கள் எத்தனை பேர் என்று மாமாவையே எண்ணச் சொல்லுங்கள். பொன் நிறம் பட்டைக்கும் பார்டருக்கும் இருக்கட்டும், விலை கரும்பழுப்பில் வரட்டும். ஒத்துக்கொள்ளாவிட்டால் மத்தியான வெயிலில் கடை வாசலில் நின்று அவர் போனிலேயே விலையைப் படிக்கச் சொல்லுங்கள்.