சாலைக் கோடு கரையைத் தொட்டால் கடல் தெரியுமா?

நெய்தல்:
"விரிவான சாலை வரைபடம் இருந்தால் கடலோரக் கிராமங்களைச் சுற்ற வேறெதுவும் வேண்டாம். கோடு கரையைத் தொட்டுக்கொண்டு போனால் வழி நெடுகக் கடல் தெரியும்" என்று சாலைப்பித்தன் நேற்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது. இதே நம்பிக்கையில் ஒரு முழு நாள் சைக்கிள் மிதித்தவன் நான். வரைபடத்தில் கோடு கரையைத் தொட்டுத்தான் போனது. கண்ணில் பட்டதெல்லாம் தோப்பும் மதில் சுவரும்தான். அலைச் சத்தம் மட்டும் கேட்டது.

சாலைப்பித்தன்:
எந்த அளவை வரைபடம்?

நெய்தல்:
1:2,50,000. அதில் 1 மி.மீ. என்பது தரையில் 250 மீட்டர். சாலைக் கோட்டின் தடிமனே கிட்டத்தட்ட 1 மி.மீ. இருக்கிறது. 250 மீட்டர் அகலத்தில் எந்த ஊரில் சாலை போட்டிருக்கிறார்கள்? கரை, ரயில் பாதை, சாலை மூன்றும் நெருங்கும் இடத்தில், ஒன்றின் மேல் ஒன்று விழாமல் இருக்க வரைபவர்கள் ஒரு கோட்டைத் தள்ளித்தான் போடுகிறார்கள்.

சாலைப்பித்தன்:
அது உங்கள் மேப்பின் கோளாறு. நான் பார்ப்பது 1:50,000. அதில் 1 மி.மீ. 50 மீட்டர்தான். இருபது வருஷமாக மேப் பார்த்துப் போகிறவன் சொல்கிறேன், தொட்டால் தொட்டதுதான்.

நெய்தல்:
கடலை மறைக்க 50 மீட்டர் எதற்கு? ஒரு மணல்மேடு போதும். ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகளை 10 மீட்டர் உயர இடைவெளியில் வரைந்தால், 8 மீட்டர் மேடு எந்தக் கோட்டிலும் சிக்காமல் போகலாம். சரி, உங்கள் சாலை எதைத் தொடுகிறது? பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் வரைபடங்களில் ஓதம், அதாவது கடல் நீர்மட்டம், ஏறும்போது நீர் நிற்கும் கோடு தனி, வற்றும்போது நிற்கும் கோடு தனி. இரண்டுக்கும் நடுவே சேறு பல நூறு மீட்டர் கிடக்கும் இடங்கள் உண்டு.

திசைகாட்டி:
இங்கிலாந்தில் லிண்டிஸ்ஃபார்ன் தீவுக்குப் போகும் சாலை தினமும் இரண்டு தடவை கடலுக்குள் மூழ்குகிறது. மேப்பில் சாலை இருக்கிறதே என்று வண்டியை விட்டால் நடுவழியில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஓத அட்டவணை கட்டாயம் வேண்டும். நேரமும் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும்.

சாலைப்பித்தன்:
திசைகாட்டி வந்துவிட்டாரா? காம்பஸ் ஊசி காட்டும் காந்த வடக்கு விஷயத்தில் என்னைத் திருத்த வந்தவர்தானே நீங்கள்.

திசைகாட்டி:
காந்த வடக்கு இடத்துக்கு இடம் மாறும், வருஷத்துக்கு வருஷம் நகரும் என்றேன். அதில் என்ன தப்பு? அன்றைக்கும் பதில் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்லப் போவதில்லை.

தடம்:
இந்தக் காலத்தில் காகித மேப்புக்கா இத்தனை சண்டை? போனில் பெரிதாக்கிப் பாருங்கள், முடிந்தது.

சாலைப்பித்தன்:
சிக்னல் இல்லாத இடத்தில் நின்றிருக்கிறீர்களா? வெயிலில் திரையைப் பார்த்திருக்கிறீர்களா?

தடம்:
முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் எதற்கு? உங்கள் காகிதம் மழையில் என்ன ஆகும்?

திசைகாட்டி:
மழை வரைக்கும் போக வேண்டாம். நான்கு மடிப்பு சேரும் இடத்தில் ஓட்டை விழுந்து, நான் தேடிய துறைமுகமே என் மேப்பில் காணாமல் போனது.

சாலைப்பித்தன்:
மடிக்கத் தெரியாதவர்கள் காகிதத்தைக் குறை சொல்ல வேண்டாம்.

நெய்தல்:
பேச்சை மாற்றாதீர்கள். போனிலும் இதே கதைதான். படத்தைச் சுருக்கினால் நிலம் சுருங்குகிறது, சாலைக் கோடு அந்த அளவுக்கு மெலிவதில்லை. நான் கேட்டது ஒன்றுதான்: தொடுகிறது என்றால் தரையில் எத்தனை மீட்டர்?

சாலைப்பித்தன்:
எத்தனை தடவை கேட்டாலும் தொட்டால் தொட்டதுதான். அடுத்த வாரம் போகிறேன். சாலையில் நின்று கடலைப் படம் எடுத்துப் போடுகிறேன்.

நெய்தல்:
போடுங்கள். நின்ற இடத்திலிருந்து நீர் எத்தனை மீட்டர் என்று அளந்தும் போடுங்கள். அப்போது ஓதம் ஏறியிருந்ததா, வற்றியிருந்ததா என்பதையும் சேர்த்து.